ஓங்கிலுக்கு வரும் அம்மை

பலெர்மோவின் பழைய நகரத்தில் அல்பெர்கேரியா என்றொரு பேட்டை இருக்கிறது. அதன் நடுவே பல்லாரோ சந்தை. மீன் தட்டுகளில் வாள்மீன் தலைகள் வாளை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் சாளையும் நெத்தலியும் குவிந்து கிடக்கும். கடைக்காரர்கள் இழுத்து இழுத்துக் கூவுவது ஏதோ ஒரு பாட்டைப் போலிருக்கும். அந்தச் சந்துகளில் தமிழும் கேட்கும். 1983-க்குப் பிறகு இலங்கையை விட்டுப் புறப்பட்டவர்களில் கணிசமானோர் இந்த ஊரில் வேரூன்றிவிட்டார்கள். நகரின் வடக்கே பெல்லெகிரினோ மலை. அதன் குகைக்கோயிலில் இருக்கும் புனித ரொசாலியாவைப் பார்க்க மலையேறுகிறவர்களில் தமிழ் இந்துக்களும் உண்டு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ரொசாலியா கொள்ளைநோயை விரட்டியவள். 1624-ல் துனிசிலிருந்து வந்த ஒரு கப்பலோடு பிளேக் பலெர்மோவுக்குள் இறங்கியது. கப்பலை உள்ளே விட இசைந்த அரசப் பிரதிநிதி இமானுவேலே ஃபிலிபெர்த்தோவும் அந்த ஆண்டே மாண்டார். அதே கோடையில் மலைக்குகையில் எலும்புகள் கிடைத்தன. அவை ரொசாலியாவுடையவை என்று முடிவானதும் 1625-ல் நகரைச் சுற்றி ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். நோய் தணிந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நோயைத் தருபவளும் எடுப்பவளுமான முத்துமாரியைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் அந்நியமான வரி எது?

அதே பலெர்மோவில் இன்னொரு கொள்ளைநோயைத் தேடும் இடம் ஒன்றும் இருக்கிறது. அடெல்மோ மிர்ரியின் பெயரைத் தாங்கிய சிசிலி மாநிலக் கால்நடை ஆய்வு நிறுவனம் அது. மாடு, ஆடு, நாய் இவற்றின் நோய்களைக் கண்டறிவதுதான் அதன் அன்றாட வேலை. கரையில் செத்து ஒதுங்கும் ஓங்கில்களும் அங்குள்ள மேசைக்கு வருகின்றன. டால்பின் என்று இன்று நாம் சொல்லும் விலங்குக்கு ஓங்கில் என்பதுதான் தமிழ்ப் பெயர். மத்தியதரைக் கடலில் அதிகமாக இருப்பது, கண்ணிலிருந்து வால்வரை மைக்கோடு இழுத்தது போன்ற வரி ஓங்கில். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாக அதை அலை அலையாகக் கொன்றுவரும் நோய், சுருங்கச் சொன்னால், அம்மை.

அம்மை என்பதை இங்கே உவமையாகச் சொல்லவில்லை. மனிதருக்குத் தட்டம்மை தரும் வைரசும் (ஈழத்தில் சின்னமுத்து என்பார்கள்) ஓங்கிலைக் கொல்லும் வைரசும் மார்பில்லி வைரஸ் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்களில் மாட்டுத் தொழுவங்களைக் காலிசெய்த வெக்கை நோயும் அந்த இனம்தான். 2011-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கால்நடை நோய் அது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய். ஆட்டுக்கொல்லி நோயும் இதே குடும்பம். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் மாவட்டம் அரசூரில். நாய்களுக்கும் சீல்களுக்கும் வரும் டிஸ்டெம்பர் இந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை. ஓங்கில் வைரசோ நாய்க் கிளையைவிட மாடு, ஆடு, மனிதர் பக்கத்துக்கே நெருக்கமானது. இதில் ஒரு பொருத்தமும் உண்டு. ஓங்கிலும் திமிங்கலமும் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரட்டைக் குளம்பு விலங்குகளின் கூட்டத்திலிருந்து பிரிந்து கடலில் இறங்கியவை. அந்தப் பழைய உறவின் புதைபடிவங்களில் ஒன்றான இண்டோஹையஸ் காஷ்மீரில் கிடைத்தது. கரையேறாமல் போன மாட்டுக்கு மாட்டு நோயின் உறவு நோய் வருகிறது.

இந்த நோய் முதலில் கண்ணில் பட்ட விதம் குழப்பமானது. 1987-88-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 740-க்கும் மேற்பட்ட பாட்டில்மூக்கு ஓங்கில்கள் செத்து ஒதுங்கின. கடல் பாசியின் நஞ்சுதான் காரணம் என்று அப்போது சொன்னார்கள். 1988-ல் வட கடலில் 18,000-க்கு மேல் சீல்கள் செத்தன; அதே காலத்தில் அயர்லாந்துக் கரையில் இறந்த சிறு கடற்பன்றிகளில் இந்த இன வைரஸ் ஒன்று கிடைத்தது. 1990 ஜூலையில் ஸ்பெயினின் வலென்சியாக் கரையில் வரி ஓங்கில்கள் ஒதுங்கத் தொடங்கியபோதுதான் கதை தெளிவானது. பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகக் கால்நடை நோயியலாளர்கள் நுரையீரலையும் மூளையையும் அறுத்துப் பார்த்தபோது, தட்டம்மையில் காணும் அதே அடையாளங்களைக் கண்டார்கள். பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பல உட்கருக்களோடு பூதமாக நின்றன. 1991-ல் நோய் தென் இத்தாலிக்கு வந்தது. சிசிலியைத் தாண்டி கிரேக்கம், துருக்கிவரை போய் 1992-ல் அடங்கியது. கரைக்கு வந்த உடல்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். நடுக்கடலில் மூழ்கியவற்றை யார் எண்ணுவது? இதற்குப் பிறகுதான் அமெரிக்கர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த 1987-ன் திசுத் துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பாசி குற்றவாளியல்ல, அங்கும் அம்மைதான்.

வைரஸ் எப்படிப் பரவுகிறது? உப்புநீரில் அதன் ஆயுள் குறைவு. ஆனால் ஓங்கில்கள் கூட்டமாகச் சேர்ந்தே மூச்சுவிட மேலே வருகின்றன. பக்கத்தில் பக்கத்தில் தலை தூக்கி, ஒரே நொடியில் வெடிப்பதுபோல் மூச்சை வெளியேற்றி, உடனே இழுக்கின்றன. ஒன்றின் மூச்சுத் துளி மற்றதன் மூச்சுத் துளைக்குள் போக அதைவிட வசதி வேண்டியதில்லை. நீருக்கு மேலுள்ள அந்த ஒரு முழம் காற்றுதான் நோய் நடக்கும் தெரு.

உள்ளே போனதும் அது நுழையும் கதவைக் கவனித்தால் இந்த வைரசின் குணம் புரியும். நோயெதிர்ப்பு வெள்ளணுக்களின் மேல் ஸ்லாம் என்ற புரதம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் வைரஸ் உள்ளே இறங்குகிறது. அதாவது, முதல் பலி காவல்காரன்தான். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வெறுமையாகின்றன. பிறகு அது நுரையீரல், குடல் இவற்றின் உட்பூச்சுக்கும், கடைசியில் மூளைக்கும் போகிறது. காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் புகலாம். 1990-ல் இறந்த சில ஓங்கில்களின் நுரையீரலில் பூஞ்சை வளர்ந்திருந்தது. 2013-ன் முதல் மாதங்களில் இத்தாலியின் திர்ரேனியக் கரையில் வரி ஓங்கில்கள் அளவுக்கு மீறி ஒதுங்கியபோது, மார்பில்லியோடு ஃபோட்டோபாக்டீரியம் டாம்செலே என்ற பாக்டீரியாவும் கிடைத்தது. எது கொன்றது என்று ஒரே வார்த்தையில் எழுத முடியாத இறப்புச் சான்றிதழ்கள் இவை.

பல்லுள்ள திமிங்கலங்களின் உடலில் இன்னொரு பழைய ஓட்டையும் இருக்கிறது. நம் உடலில் வைரஸ் நுழைந்ததும் உயிரணுக்கள் எம்எக்ஸ் என்ற காவல் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயுதம் என்றே அவற்றை நினைத்திருந்தார்கள். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓங்கில், விந்துத் திமிங்கலம் உள்ளிட்ட பல்லுள்ள இனங்களில் அவற்றுக்கான இரு ஜீன்களும் சிதைந்து செயலற்றுக் கிடப்பதைக் காட்டியது. பல்லில்லாத பெருந்திமிங்கலங்களில் அவை நன்றாகவே இருக்கின்றன. ஆகவே இழப்பு நேர்ந்தது இரு கிளைகளும் பிரிந்த பின், மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். ஏதோ ஒரு பழங்கால வைரஸ் அந்தப் புரதத்தையே ஏணியாக்கிக்கொண்டிருக்கலாம், ஏணியை உடைத்தவை மட்டும் பிழைத்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். கதவை அடைக்கப் போய்ச் சுவரை இடித்த கதைதான். ஆனாலும் இதை வைத்தே ஓங்கில்கள் பலவீனமானவை என்று முடிவுகட்டுவது அவசரம். அந்த ஓட்டையோடுதான் அவை மூன்று கோடி ஆண்டுகள் கடலை ஆண்டிருக்கின்றன.

அப்படியானால் அவற்றைக் காத்தது எது? அதற்குப் பதில் நம் பாட்டிமாருக்கே தெரியும். ஒருமுறை அம்மை போட்டவருக்கு மறுபடி போடாது.

இதை ஒரு மக்கள்கூட்டத்தின் அளவில் முதலில் எழுதிக் காட்டியவர் டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும். 1846-ல் வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. 7,800 பேர் வாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அதற்கு முன் அங்கே அம்மை வந்தது 1781-ல். இடையே 65 ஆண்டுகள். பானும் வீடு வீடாகப் போய் விசாரித்தார். 1781-ல் நோய் கண்ட முதியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அவர்களுக்குப் பின் பிறந்தவர்கள்தான் விழுந்தார்கள். அந்தத் தீவின் நோயெதிர்ப்பு என்பது சில கிழவர்களின் உடலில் தங்கியிருந்த நினைவு. கிழவர்கள் குறையக் குறைய அதுவும் குறைந்தது.

இப்போது மத்தியதரைக் கடலுக்குத் திரும்புவோம். 1992-க்குப் பின் வைரஸ் அங்கே காணாமல் போனது. 2006 இறுதியில் ஜிப்ரால்டர் ஜலசந்தியருகே பைலட் திமிங்கலங்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. 2007-ல் நோய் வரி ஓங்கில்களிடம் வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. 1990-ல் பெரியவையும் சிறியவையும் சேர்ந்தே மாண்டன. 2007-ல் செத்தவற்றில் பெரும்பாலானவை இளம் பருவத்தவை. வரி ஓங்கில் ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது; 1990-ல் பிழைத்த தாய்களும் பாட்டிகளும் 2007-ல் உயிரோடிருந்தன. அவற்றின் இரத்தத்தில் பழைய எதிரியின் முகம் பதிந்திருந்தது. பானும் தீவில் கண்டது கடலில் அப்படியே நடந்தது. என்னைக் கேட்டால், இந்த நோயைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் இந்த ஒரு வேறுபாடுதான் முக்கியமான செய்தி. நோயெதிர்ப்பு தனி உடலின் சொத்து மட்டுமல்ல, கூட்டத்தின் வயது வரிசையில் எழுதப்பட்ட வரலாறு.

அப்படியானால் இடைப்பட்ட பதினான்கு பதினைந்து ஆண்டுகள் வைரஸ் எங்கே இருந்தது? தட்டம்மை ஓர் ஊரில் அணையாமல் எரிய இரண்டரை முதல் ஐந்து லட்சம் பேராவது வேண்டும் என்பது தீவுகளைப் படித்தவர்களின் கணக்கு. புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகள்தான் அதற்கு விறகு. பெருநோய்க்குப் பின் 1991-ல் மேற்கு மத்தியதரைக் கடலில் எடுத்த கணக்கெடுப்பில் வரி ஓங்கில்கள் ஏறத்தாழ 1,17,000 இருந்தன. பெண் ஓங்கில் ஓராண்டு சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று நான்கு ஆண்டுகள். இந்த விறகில் நெருப்பு நிற்காது. வெளியிலிருந்து கொள்ளி வரவேண்டும். அட்லாண்டிக்கின் பைலட் திமிங்கலங்களில் பெரும்பாலானவற்றின் இரத்தத்தில் மார்பில்லிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஆனால் அவை கொத்துக் கொத்தாகச் சாகவில்லை. பெருங்கூட்டமாக நெடுந்தூரம் திரிந்து மற்ற இனங்களோடு கலக்கும் அவையே கொள்ளியைச் சுமப்பவை என்று பலர் கருதுகிறார்கள். அந்தப் பைலட் திமிங்கலங்களைத்தான் ஃபாரோ மக்கள் நூற்றாண்டுகளாக விரிகுடாவுக்குள் ஓட்டி வேட்டையாடுகிறார்கள். பானும் தீவில் இருந்தபோது கரைக்கு அப்பால் நீந்தியவை அவை.

பலெர்மோ நிறுவனத்தின் பங்கு இங்கே வருகிறது. தென் இத்தாலியக் கரைகளில் ஒதுங்கிய ஓங்கில்களின் திசுக்களிலிருந்து எடுத்த வைரசின் மரபு எழுத்துகளை அவர்கள் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2019-ல் வெளியிட்ட முடிவு இது: சமீபத்தில் கிடைத்த வைரஸ், மத்தியதரைக் கடலில் முன்பு சுற்றிய வகையின் பிள்ளை அல்ல. போர்ச்சுகல், கலீசியா பக்கம் அட்லாண்டிக்கில் கிடைத்தவற்றுக்கே அது நெருக்கமானது. மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் வாசல் வழியாக அது உள்ளே வந்திருக்க வேண்டும். 1624-ன் துனிஸ் கப்பலை வாசிக்கிறபோது, ‘ஏன் அதை உள்ளே விட்டார்கள்?’ என்று கோபப்படலாம். இந்த வாசலில் நிறுத்திவைக்கவும் ஆளில்லை, தனிமைப்படுத்த மடமும் இல்லை.

இந்த வேலை பார்க்கப் போனால் அழகானதல்ல. வெயிலில் இரண்டு நாள் கிடந்த ஓங்கிலின் உடலில் வைரசின் ஆர்என்ஏ மளமளவென்று சிதைந்துவிடும். அதனால் உடல் எவ்வளவு அழுகியிருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்துவரை தரம் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். மூளை, நுரையீரல், நிணநீர்க் கணு, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து, ஒரு பங்கை ஃபார்மலினிலும் ஒரு பங்கை உறைகுளிரிலும் வைப்பார்கள். இத்தாலியில் ஒதுங்கும் உடல்களை 1986 முதல் முறையாகப் பதிந்து வருகிறார்கள். பதுவா பல்கலைக்கழகத்தில் கடல் பாலூட்டித் திசுக்களுக்கென்றே ஒரு வங்கி நடக்கிறது. இதைப் படிக்கிறபோது நம் கரை நினைவுக்கு வராமலிருக்காது. 1973 ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கம் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில், மணப்பாட்டுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, மறுபடி எண்பதுக்கு மேல். கூட்டமாகக் கரையேறுவதெல்லாம் தொற்றுநோய் ஆகாது. வழிகாட்டி தவறினாலும் கூட்டம் பின்னால் வரும். ஆனால் தொற்று அல்ல என்று சொல்வதற்கும் மண்ணீரல் துண்டு வேண்டும்.

இதில் மனிதரின் கை எவ்வளவு? நாம் குற்றவுணர்வோடு உடனே ஒப்புக்கொள்ளும் கேள்வி என்பதால் இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட பிசிபி என்ற ரசாயனங்கள் தடைசெய்யப்பட்டுப் பல்லாண்டு ஆன பின்னும் மத்தியதரைக் கடலில் இருக்கின்றன. ஓங்கிலின் கொழுப்பில் சேர்ந்து, தாய்ப்பாலோடு முதல் குட்டிக்குப் பெரும்பங்கு இறங்குகின்றன. அவை நோயெதிர்ப்பைக் குலைக்கும் என்பது தெரிந்ததே. 1990-ல் செத்தவற்றில், நலமாயிருந்தவற்றைவிடப் பிசிபி அதிகம் இருந்ததாக ஸ்பானிய ஆய்வாளர்கள் 1994-ல் காட்டினார்கள். ஆனால் நோயாளி ஓங்கில் இரையெடுக்காமல் கொழுப்பைக் கரைக்கும்போது மிச்சமுள்ள கொழுப்பில் நஞ்சின் அடர்த்தி தானே கூடாதா? நஞ்சு நோயை வளர்த்ததா, நோய் நஞ்சைச் செறிவாக்கியதா? அந்த ஆய்வாளர்களே இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்தவர்கள். இரண்டுமே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். பழியை முழுவதும் பிசிபி மேல் போடுவது, வைரஸ் தூய கடலிலும் கொல்லும் என்பதை மறப்பதாகும்.

நிலத்திலிருந்து போகும் இன்னொன்றில் இந்தக் குழப்பம் இல்லை. பல்லாரோவில் மீன் தட்டுகளுக்கடியில் பூனைகள் சுற்றும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தன் இனப்பெருக்கத்தைப் பூனைக் குடலில் மட்டுமே முடிக்கிறது. பூனை மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை போன்ற கூடுகள் மழைநீரில் அடித்துச் செல்லப்படும். அல்பெர்கேரியாவை ஒட்டி ஒருகாலத்தில் கெமோனியா என்ற ஆறு ஓடியது. இப்போது தெருவுக்கடியில் போய்விட்டது. ஆறு மறைந்தாலும் நகரத்து மழைநீர் கடலுக்குத்தானே போகிறது. சாளை, நெத்தலி போன்ற வடிகட்டி உண்ணும் மீன்கள் அந்தக் கூடுகளை நீரிலிருந்து சேர்த்துக்கொள்ளும் என்று பசிபிக் இனங்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. சாளையைப் பெருஞ்சீரகக் கீரையோடு பாஸ்தாவில் கிளறித் தின்னும் பலெர்மோக்காரருக்குச் சமைத்தால் தீர்ந்தது. ஓங்கிலுக்கு அடுப்பு ஏது? 2007-08-ல் லிகூரியக் கரையில் ஒதுங்கிய வரி ஓங்கில்கள் சிலவற்றின் மூளையில் இந்த ஒட்டுண்ணி அழற்சி உண்டாக்கியிருந்தது. மார்பில்லி அவற்றில் இல்லை.

புருசெல்லா செட்டி என்ற பாக்டீரியா ஓங்கிலின் மூளையைத் தாக்குவதும், 2022-ல் ஃபுளோரிடாவில் ஒரு பாட்டில்மூக்கு ஓங்கில் பறவைக்காய்ச்சலில் செத்ததும் தனித்தனிக் கதைகள். இங்கே அவற்றைத் தொட்டுவிட்டு நகர்கிறேன். ஓங்கில் வைரசே இனம் விட்டு இனம் தாவுவதுதான் கூடுதலாகக் கவனிக்கத் தக்கது. 2011 ஜனவரியில் டஸ்கனியின் சான் ரொசோரே கரையில் ஒதுங்கிய இளம் துடுப்புத் திமிங்கலத்தில் அது இருந்தது. 2014 செப்டம்பரில் அட்ரியாட்டிக் கரையின் வாஸ்தோவில் ஏழு விந்துத் திமிங்கலங்கள் தரைதட்டின. நான்கைக் கடலுக்குத் திருப்ப முடிந்தது, இறந்த மூன்றிலும் ஓங்கில் வைரஸ் கிடைத்தது. தென் இத்தாலியில் ஆற்று நீர்நாய்களிலும் பிறகு அது தென்பட்டது. கடலில் மூச்சுவிட்டுப் பரவும் வைரஸ் நன்னீரில் வாழும் நீர்நாய்க்கு வந்த வழி எது என்பது நல்ல கேள்வி.

தடுப்பூசி போட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஹவாயில் அழிவின் விளிம்பிலுள்ள துறவிச் சீல்களுக்கு, நாய் டிஸ்டெம்பருக்கான தடுப்பூசியை 2016 முதல் போடுகிறார்கள். சீல் கரையில் வந்து படுக்கும். நீளக்கம்பில் ஊசியைக் கட்டிக்கொண்டு பின்னால் போய்க் குத்திவிட்டு ஓடலாம். லட்சக்கணக்கில் நடுக்கடலில் பாயும் வரி ஓங்கிலுக்கு அந்த வழி இல்லை. அதற்குக் கிடைக்கும் ஒரே தடுப்பு, பிழைத்தவற்றின் உடலிலுள்ள நினைவு. தாயிடமிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்பொருளும் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

அந்த நினைவு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று உயிருள்ள கூட்டத்திடம் இரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது. செத்தவைதான் சொல்ல வேண்டும். அதனால் கரையில் ஒரு வரி ஓங்கில் கிடக்கிறது என்று தகவல் வந்து ஆய்வாளர் போனதும், கத்திக்கும் குப்பிக்கும் முன்னால் அளவு நாடாவை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை பிடிக்கிறார். பிறந்த குட்டி ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழு வளர்ச்சியடைந்தது இரண்டு மீட்டர். ஒன்றரை மீட்டர் என்றால், பெரியவை இன்னும் தாங்குகின்றன. இரண்டு மீட்டர் உடல்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கினால், 1990-ஐக் கண்டவை தீர்ந்துகொண்டிருக்கின்றன, அல்லது வந்திருப்பது அவற்றுக்குத் தெரியாத முகம்.